நுளம்பு வரைபடத்தில் மாவின் விலை எங்கே?



போன மாதச் சூம் கூட்டத்தில் வந்த முன்மொழிவு ஞாபகம் இருக்கும். எங்கட குழுவில் கணினி தெரிந்த ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறம். உலகத்தில் எங்கயாவது வெள்ளமோ புயலோ வந்தால், இலவசமாகக் கிடைக்கிற செய்மதிப் படங்களை இறக்கி, அடுத்து மலேரியாவும் டெங்குவும் எந்த இடத்தில் பரவும் என்று காட்டும் வரைபடங்களைச் செய்து உதவி நிறுவனங்களுக்கு அனுப்புவம். இதுதான் திட்டம். எல்லாரும் கை தூக்கினோம். சொல்லப்போனால் அந்த முன்மொழிவை எழுதின மூன்று பேரில் நானும் ஒருத்தி.

இப்ப அதே திட்டத்தை எதிர்த்து எழுதுகிறேன். முழுதாக எதிர்த்து இல்லை, இப்ப இருக்கிற வடிவத்தை எதிர்த்து. அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு வருகுது. அதுக்கு முதல் இதை வாசியுங்கோ.

அந்தப் படம் எப்படிச் செய்யப்படுகுது

மாஸ்டர்ஸ் படிப்புக்காக நான் எடுத்த உதாரணம் பாகிஸ்தானின் சிந்து மாகாணம், 2022ஆம் ஆண்டு வெள்ளம். 3 கோடி 30 இலட்சம் பேரைப் பாதித்த வெள்ளம். 1,700க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட வீடுகள் இடிந்தன அல்லது சேதமாகின.

வேலை இப்படித்தான். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல்-1 செய்மதி சுமார் 693 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுது. அதில் இருப்பது கமரா இல்லை, ரேடார். ஆகவே முகிலும் இரவும் அதைத் தடுக்காது. தட்டையான தண்ணீர் ரேடார் அலையை வேறு பக்கம் தெறிக்க வைக்கும், செய்மதிக்குத் திரும்பி வராது. அதனால் படத்தில் தண்ணீர் கறுப்பாகத் தெரியும். வெள்ளத்துக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் ஒப்பிட்டால் எங்கே புதிதாகத் தண்ணீர் நிற்குது என்று தெரிந்துவிடும். அதோட நில வெப்பநிலை, நிலத்தின் உயரம், சனத்தொகை ஆகியவற்றைச் சேர்க்க வேணும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை கொடுத்துக் கூட்டினால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று ஒரு படம் வரும். பழகின ஆளுக்கு ஒரு நாள் வேலை.

இதுக்குப் பின்னால் இருக்கிற அறிவியல் பொய்யில்லை. மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் நுளம்பு முட்டையிலிருந்து பறக்கிற நிலைக்கு வர வெக்கையான காலத்தில் ஏறக்குறைய இரண்டு கிழமை எடுக்கும். கடிச்ச நுளம்புக்குள் கிருமி முதிர இன்னும் ஒரு பத்து நாள் அளவு. அதோட, பெருவெள்ளம் முதலில் குடம்பிகளை அடிச்சுக் கொண்டுபோய்விடும். தண்ணீர் வத்தத் தொடங்கி, அங்கங்கே குட்டையாகத் தேங்கும்போதுதான் நுளம்பு பெருகும். அதாவது வெள்ளத்துக்கும் காய்ச்சலுக்கும் நடுவில் கிழமைக்கணக்கில் அவகாசம் இருக்கு. அந்த அவகாசத்தில் வலையும் மருந்தும் இரத்தப் பரிசோதனையும் போய்ச் சேர்ந்தால் உயிர்கள் தப்பும். செய்மதி தரக்கூடிய உதவி இந்த அவகாசத்தைச் சுட்டிக் காட்டுவதுதான். அதை நான் குறைச்சுச் சொல்லவில்லை.

குறைகளும் இருக்கு. ரேடார் ஏரியைப் பார்க்கும். அனோபிலிஸுக்கு மாட்டின் குளம்படித் தடத்தில் தேங்கின தண்ணீர் போதும். பயிருக்கும் மரத்துக்கும் கீழே நிற்கிற தண்ணீர் சரியாகப் பிடிபடாது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் நுளம்பு பழைய டயரிலும் பூச்சாடியிலும் தண்ணீர்த் தாங்கியிலும் முட்டை போடும், அதை எந்தச் செய்மதியும் எண்ணாது. இலங்கையில் 2017இல் 186,000க்கு மேற்பட்டோருக்கு டெங்கு வந்தது. அதே ஆண்டு ஏப்ரலில்தான் மீதொட்டமுல்லைக் குப்பைமலை சரிஞ்சு 32 பேர் செத்தார்கள். அதுக்குப் பிறகு கொழும்பில் குப்பை அள்ளுறது குழம்பிப்போனது. மே மாதம் தெற்கில் வெள்ளம். அந்தக் குப்பையைப் பற்றி 693 கிலோமீற்றர் உயரத்திலிருந்து என்ன சொல்லப்போகிறோம்?

ஆனால் இந்தக் குறைகள் துறைக்குள் எல்லாருக்கும் தெரிஞ்சவைதான். ஒவ்வொரு ரிப்போர்ட்டின் கடைசியிலும் ஒரு பந்தி இருக்கும். என்ர பிரச்சினை அதில்லை.

நூறு வருடத்துக்கு முந்தின ஒரு கேர்ணல்

செய்மதி வருவதற்கு எத்தனையோ காலம் முதலே மலேரியாவை முன்கூட்டிச் சொல்லும் வேலை நடந்திருக்கு. அதுவும் இதே சிந்து நதிப் பக்கத்தில், பஞ்சாபில்.

1908இல் பஞ்சாபில் ஒரு பெரும் மலேரியா. ஒரு சில மாதத்துக்குள் இலட்சக்கணக்கில் சனம் செத்தது. அதை ஆராய்ந்த எஸ். ஆர். கிறிஸ்தோபர்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1911இல் தன் அறிக்கையை வெளியிட்டார். மழை மட்டும் காரணமில்லை, மழையோட பஞ்சமும் சேர்ந்த இடத்தில்தான் மரணம் வெடிச்சது என்பதுதான் அதன் சாரம். பஞ்சத்தை அவர் அளந்தது எப்படி? தானிய விலையால். அதே வழியில் 1920களில் கேர்ணல் சி. ஏ. கில் என்பவர் பஞ்சாபுக்கு ஆண்டுதோறும் மலேரியா முன்னறிவிப்பு எழுதினார். உலகத்தின் முதலாவது மலேரியா முன்னெச்சரிக்கை முறைகளில் ஒன்று என்று இன்றைக்கும் பாடப் புத்தகங்களில் அது வருகுது. அவர் பார்த்த விஷயங்கள்: மழை, முந்தைய ஆண்டுகளின் காய்ச்சல் மரணம், பிள்ளைகளின் வீங்கின மண்ணீரல், தானியத்தின் விலை.

தானியத்தின் விலை, தோழர்களே. பேரரசுக்கு வேலை செய்த ஒரு இராணுவ மருத்துவருக்கு, பசிச்ச உடம்பில்தான் காய்ச்சல் கொல்லும் எண்டு தெரிஞ்சிருந்தது. அதைத் தன் கணக்கில் ஒரு எண்ணாகவே வைத்திருந்தார்.

எங்கட வரைபடத்தில் அது இல்லை. மழை, வெப்பம், நீர், உயரம், சனத்தொகை எல்லாம் இருக்கு. விலை இல்லை, கடன் இல்லை, கூலி இல்லை. ஏன்? அது மேலிருந்து தெரியாது. செய்மதியில் தெரியிறது மட்டும் "ஆபத்து" என்ற பேரில் வரைபடத்துக்குள் வருகுது. தெரியாதது "வரம்புகள்" என்ற பந்திக்குள் போகுது. நூறு வருடத்தில் கருவி வளர்ந்திருக்கு, கேள்வி சுருங்கிப்போய்விட்டது.

கேர்ணல் கில்லைக் கொண்டாடச் சொல்லவில்லை. விலை ஏறினால் சனம் சாகும் என்று தெரிந்தும் தானியத்தைக் கப்பலேற்றின ஆட்சி அது. முன்னறிவிப்பு இருந்தது, சோறு இருக்கவில்லை. அதுதான் என்ர வாதமும். முன்னறிவிப்பு தன்னளவில் ஒரு அரசியலும் செய்யாது. அது ஆரின்ர கையில் போய்ச் சேருது, அதுக்குப் பிறகு ஆர் எதைச் செய்ய வேண்டிய கட்டாயத்தில் இருக்கினம் என்பதுதான் அரசியல்.

சிந்துவில் இல்லாமல் போனது படம் இல்லை

திகதிகளைப் பாருங்கோ. 2022 ஓகஸ்டில் வெள்ளம். ஒரு சில நாளிலேயே ஐ.நா.வின் செய்மதிப் பிரிவான யூனோசாட் வரைபடங்களை வெளியிடத் தொடங்கிவிட்டது. "நாட்டில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீருக்குள்" என்று அமைச்சர் சொன்னார், உலகப் பத்திரிகை எல்லாம் அதைத் திருப்பிச் சொன்னது. யூனோசாட்டின் கணக்கில் அது சுமார் 75,000 சதுர கிலோமீற்றர், அதாவது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அந்தளவுக்கு நுணுக்கமாகத் தண்ணீர் எங்கே நிற்குது என்று உலகத்துக்குத் தெரிஞ்சிருந்தது.

பிறகு மலேரியா வந்தது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் மதிப்பீட்டில் பாகிஸ்தானில் 2021இல் சுமார் 5 இலட்சம் மலேரியா நோயாளர்கள், 2022இல் 26 இலட்சம். ஐந்து மடங்கு. எந்த இடம் சிவப்பு என்று முதலே தெரிஞ்ச மாவட்டங்களில்தான் பெரும்பகுதி.

ஒக்டோபரில் ஒரு செய்தி வந்தது. 62 இலட்சம் நுளம்பு வலைகளை இந்தியாவிலிருந்து வாங்கப் பாகிஸ்தானின் சுகாதார அமைச்சு அனுமதி கொடுத்திருக்குதாம். 2019இலிருந்து இரண்டு நாட்டுக்கும் நடுவில் வர்த்தகம் நிறுத்தப்பட்டிருந்தது, ஆகவே தனி அனுமதி வேணும். ஓகஸ்டில் செய்மதி எந்த எல்லையையும் கேட்காமல் கடந்தது. வலைத்துணி எல்லை கடக்க ஒக்டோபரில்தான் காகிதம் நகருது.

அந்த ஓகஸ்ட் 29ஆம் திகதி, நாடு தண்ணீருக்குள் நிற்கும்போது, சர்வதேச நாணய நிதியத்தின் சபை பாகிஸ்தானுக்கான கடன் தவணையை நிபந்தனைகளோடு விடுவித்தது. 2023 ஜனவரியில் ஜெனீவாவில் மாநாடு. 900 கோடி டொலருக்கு மேல் வாக்குறுதி என்று தலைப்புச் செய்தி. அதில் பெரும்பகுதி நன்கொடை இல்லை, கடன். உலகக் கரியமில வாயு வெளியேற்றத்தில் ஒரு வீதம் கூட இல்லாத நாடு அது. சிந்துவிலும் பலூசிஸ்தானிலும் கொட்டின அந்த ஐந்து நாள் மழை, புவி சூடாகாமல் இருந்திருந்தால் இருந்திருக்கக் கூடியதைவிட 75 வீதம் வரை கூடுதலாக இருந்திருக்கலாம் என்று அறிவியலாளர் குழு ஒன்று சொல்லியிருந்தது. வெள்ளம் எங்கட கார்பனில் வந்தது, மருந்து அவையின்ர கடனில் போனது.

அதே ஜனவரியில், வெள்ளம் மூழ்கடிச்ச மாவட்டங்களில் ஒன்றான மீர்பூர்காஸில், மானிய விலைக் கோதுமை மாவு வாங்க முண்டியடிச்ச கூட்டத்தில் நெரிபட்டு ஒரு கூலித் தொழிலாளி செத்தார். முப்பத்தைந்து வயது. அது ஒரு நாள் செய்தி. எந்த நோய் வரைபடத்திலும் அது ஒரு தரவுப் புள்ளி இல்லை. கிறிஸ்தோபர்ஸ் 1911இலேயே முக்கியம் என்று எழுதி வைத்த விஷயம், மாவின் விலை, சனத்தை நெரிச்சுக் கொன்றுகொண்டிருந்தது. எங்கட படத்தில் அந்த இடத்தில் வெறும் பச்சையும் மஞ்சளும்.

தண்ணீர் எங்கே நிற்கும் என்று தீர்மானிப்பது ஆர்?

"நீர் தேங்கிய பரப்பு" என்று படத்தின் மூலையில் எழுதுகிறோம். வானத்திலிருந்து விழுந்து தானே போய்த் தேங்கின மாதிரி.

2022 செப்டெம்பர் முதல் வாரம். சிந்துவின் மஞ்சர் ஏரி நிரம்பி வழியிற நிலை. பெரிய நகரங்களைக் காப்பாற்ற அதிகாரிகள் ஏரிக்கரையை வெட்டிவிட்டார்கள். கிராமங்கள் தண்ணீருக்குள் போயின. ஒரு இலட்சம் பேர் வரை இடம்பெயர வேண்டி வந்தது என்று செய்திகள் சொன்னன. வெட்டினது சரியா பிழையா என்று லண்டனிலிருந்து தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் அது ஒரு முடிவு. ஆரோ ஒருவர் எந்தப் பக்கம் மூழ்கலாம் என்று தேர்ந்தெடுத்தார். ரேடார் படத்தில் வெட்டுக்கு முதல் நிலம் சாம்பல் நிறம், பிறகு கறுப்பு. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்.

இன்னும் கீழே போனால் பதீன் மாவட்டம். அங்கே உலக வங்கியின் கடனில் கட்டப்பட்ட இடதுகரை வடிகால் ஒன்று இருக்கு. உவர்நீரைக் கடலுக்குக் கொண்டுபோகத்தான் அதைக் கட்டினவை. தோரோ என்று சிந்தியில் சொல்லும் பழைய இயற்கை நீர்வழிகளை அது குறுக்கே மறிக்குது எண்டு ஊர்ச் சனம் சொல்லிக்கொண்டே இருந்தது. 2003 மழைவெள்ளத்துக்குப் பிறகு அவர்கள் உலக வங்கியின் சொந்த விசாரணைக் குழுவிடமே முறையிட்டார்கள். 2006இல் வந்த அறிக்கை வடிவமைப்பில் பிழைகளும் ஆபத்தைக் குறைத்து மதிப்பிட்டதும் இருந்ததை ஒப்புக்கொண்டது. 2011இல் திரும்பவும் வெள்ளம். 2022இல் திரும்பவும்.

இந்த நிலத்தில் உழைக்கிறவர்களில் பெரும்பாலானோர் ஹாரிகள், வாரத்துக்குப் பயிர் செய்கிற குடிகள். நிலம் வடேரோ எனப்படும் பெருநிலக்காரருடையது. விதைக்கும் சாப்பாட்டுக்கும் வாங்கின முன்பணம் தலைமுறையாகத் தொடரும் கடன். ஹைதர் பக்ஷ் ஜதோய் என்ற மனிதர் அரசாங்க உத்தியோகத்தை விட்டுப்போட்டு வந்து, சிந்து ஹாரி கமிட்டியோடு நின்று போராடினார். அந்தப் போராட்டத்தின் அழுத்தத்தில்தான் 1950இல் சிந்து குத்தகைச் சட்டம் வந்தது. சட்டம் இருக்கு, நடைமுறை இல்லை. கடன் உள்ள ஹாரிக்கு வெள்ளம் வந்தாலும் நினைச்ச இடத்துக்குப் போக முடியாது. விளைச்சல் போனாலும் கடன் போகாது. சிந்துவில் அதிகம் பரவுகிற விவாக்ஸ் மலேரியாவை வேரோடு அழிக்க இரண்டு கிழமை தொடர்ந்து மாத்திரை எடுக்க வேணும், இல்லாவிட்டால் கிருமி ஈரலில் ஒளிச்சிருந்து மாதங்கள் கழிச்சும் திரும்பி வரும். நாட்கூலிக்காரர் அந்த இரண்டு கிழமைக்கு எங்கே போய் எத்தனை தரம் வரிசையில் நிற்கிறது?

இதெல்லாம் ஆபத்தின் காரணிகள். இதில் எதுவும் பிக்சலில் வராது.

எங்களை மேலிருந்து பார்த்தபோது

"படம் இருந்தால் உலகம் கண்ணைத் திறக்கும்" என்று கூட்டத்தில் ஒரு தோழர் சொன்னார். வேறு ஆரும் சொன்னால் நான் பேசாமல் இருந்திருப்பேன். நாங்கள் சொல்லக்கூடாது.

2009 ஏப்ரலில் முள்ளிவாய்க்கால் பக்கத்துப் "பாதுகாப்பு வலயத்தை" செய்மதி பார்த்தது. எறிகணை விழுந்த குழிகள், இடிந்த கட்டிடங்கள், கடற்கரையில் நெருக்கியடிச்ச கூடாரங்கள் எல்லாம் தெரிஞ்சது. அதை ஆராய்ந்து அறிக்கை எழுதினதும் இதே யூனோசாட்தான். தெரிஞ்சது, நின்றதா? வன்னியில் 70,000 பேர்தான் இருக்கினம் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது, அந்தக் கணக்குக்குத்தான் உணவும் மருந்தும் போனது. பிறகு முகாம்களில் எண்ணினால் இரண்டரை இலட்சத்துக்கு மேல். மேலிருந்து பார்க்கப்பட்ட சனம் நாங்கள். பார்க்கிறதுக்கும் கணக்கில் எடுக்கிறதுக்கும் உள்ள தூரம் எங்கட வீடுகளில் சட்டம் போட்டுத் தொங்குது. இன்னொரு சனத்தை அதே உயரத்திலிருந்து பார்க்க நாங்கள் கிளம்பும்போது அந்த நினைவு குறுக்கே வரவேணும்.

அந்தப் படங்கள் வீணாகப் போனது என்று சொல்லவில்லை. பின்னால் விசாரணைக்கு அவை சாட்சியாகின, இன்றைக்கும் சாட்சிதான். அதுவே ஒரு பாடம். செய்மதிப் படம் உதவியாக வேலை செய்ததைவிடச் சாட்சியாக நல்லா வேலை செய்திருக்கு. ஆரைக் குற்றம் சாட்ட எண்டு தெரிஞ்சவர்களின் கையில் அது இருக்கும்போது.

மலேரியாவை ஒழிச்சவை ஆர்?

அனோபிலிஸ் கியூலிசிஃபேசிஸ் என்ற நுளம்பு இனம் பஞ்சாபில் பரப்பினது, இலங்கையிலும் பரப்பினது. 1934-35இல் இலங்கையில் மழை பொய்த்து, ஆறுகள் வத்தி, ஆற்றுப் படுக்கையில் தேங்கின குட்டைகளில் அது பெருகியது. வெள்ளமில்லை, வரட்சி. சுமார் 80,000 பேர் செத்தார்கள். விளைச்சலும் போய்ப் பசியில் கிடந்த சனம். அதைப் பற்றி அறிக்கை எழுத அழைத்து வரப்பட்டவர் ஆர் தெரியுமா? அதே கேர்ணல் கில்.

ஆனால் கேகாலைக் கிராமங்களுக்குள் மருந்தோடும் பருப்போடும் போனவர்கள் சூரியமல் இயக்கத்து இளம் இடதுசாரிகள். என். எம். பெரேராவுக்குப் "பருப்பு மஹத்தயா" என்று பேர் வந்தது அப்பதான். அவர்கள்தான் 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே பெரேரா அந்தப் பகுதியின் ருவன்வெல்லவிலிருந்து அரசுப் பேரவைக்குப் போனார். அந்தக் கட்சி பிறகு எங்களுக்கு என்ன செய்தது, 1972 யாப்பு ஆரின்ர கையால் வந்தது என்று எனக்கும் தெரியும், மறக்கவில்லை. ஆனாலும் அந்தப் பருப்பை மறக்க வேண்டாம். காய்ச்சலுக்குப் பசிதான் கூட்டாளி என்று புரிந்த இடதுசாரிகள் வரைபடம் கீறிக்கொண்டு இருக்கவில்லை.

இலங்கையில் 1999இல் கூட இரண்டரை இலட்சத்துக்கு மேல் மலேரியா நோயாளர்கள். உள்ளூரில் தொற்றின கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் மலேரியா அற்ற நாடு என்று சான்றிதழ். சுனாமிக்குப் பிறகு வரும் என்று எச்சரிச்ச மலேரியாப் பேரலையும் வரவில்லை. இதைச் செய்தது எது? நடமாடும் கிளினிக்குகள், வீடு வீடாக இரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள், மருந்தடிச்சவர்கள், பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள். போர் நடந்த வடக்கிலும் கிழக்கிலும், இரண்டு பக்கத்துச் சோதனைச் சாவடிகளையும் தாண்டி அந்த வேலை நடந்தது. சம்பளம் வாங்குகிற, ஊரைத் தெரிஞ்ச, அடுத்த மாதமும் திரும்பி வருகிற ஆட்கள்.

பாகிஸ்தானிலும் அப்படி ஆட்கள் இருக்கினம். 1994இல் தொடங்கின பெண் சுகாதாரப் பணியாளர் திட்டம், ஒரு இலட்சம் அளவான பெண்கள். கதவைத் தட்டி உள்ளே போய் ஆருக்குக் காய்ச்சல் எண்டு கேட்கக்கூடியவர்கள். அவர்கள் நிரந்தர நியமனத்துக்காகவும் நிலுவைச் சம்பளத்துக்காகவும் வருடக்கணக்காக வீதியில் இருந்து போராடினவர்கள். செய்மதித் திட்டத்துக்கு நிதி கிடைக்கும், பிரசன்டேஷனில் வடிவாக இருக்கும். இவர்களின் சம்பளத்துக்கு நிதி கேட்டால் "தொடர்ச் செலவு" என்று மூக்கைச் சுளிப்பினம்.

அப்ப என்ன செய்வம்?

"உயிர் காக்கிற வேலையை அரசியல் கதைச்சுப் பிந்த வைக்கிறியா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. என்ர பதில் மேலே உள்ள திகதிகள்தான். சிந்துவில் பிந்தினது படம் இல்லை. வலையும் மாத்திரையும் மாவும் பணமும்தான் பிந்தின. முதலே நிரம்பி வழிகிற இடத்தில் நாங்கள் இன்னொரு சிவப்புப் படத்தைக் கொண்டுபோய் வைத்தால், செய்த எங்களுக்கு நிம்மதி, அவ்வளவுதான். அந்த நிம்மதியைப் பற்றித்தான் எனக்குப் பயம். போன வருடம் என்ர படத்தை வகுப்பில் காட்டினபோது எல்லாரும் நல்லா இருக்கு என்றார்கள். முதல் வந்து விபரம் கேட்டவர் காப்புறுதித் துறையில் வேலை தேடும் ஒரு சக மாணவர். அவர் பிழையான ஆள் இல்லை. சந்தை எங்கே இருக்கு என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை.

சந்தை இருக்குது, தோழர்களே. 2017இல் உலக வங்கி தொற்றுநோய்க் கடன்பத்திரங்களை விற்றது. கொங்கோவில் எபோலாவில் 2,000க்கு மேற்பட்டோர் செத்தும் அந்தக் காப்புறுதிப் பணம் வரவில்லை, ஏனென்றால் இன்னொரு நாட்டிலும் போதியளவு பேர் சாக வேணும் என்று நிபந்தனை. முதலீட்டாளருக்கு வட்டி ஒழுங்காகப் போனது. ஆபத்தை எண்ணாக்கினால் அந்த எண்ணை விற்கவும் ஆள் வரும்.

ஆகவே முன்மொழிவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. இப்படித் திருத்துவம் என்று கேட்கிறேன்.

முதலாவது, அந்த இடத்து அமைப்பு ஒன்று கேட்காமல் நாங்கள் படம் செய்யக்கூடாது. விவசாயிகள் சங்கம், மீனவர் அமைப்பு, சுகாதாரப் பணியாளர் சங்கம், ஆராவது. அவர்களின் கேள்விக்குத்தான் படம். படம் முதலில் போவதும் அவர்களிடம்தான், அவர்களின் மொழியில்.

இரண்டாவது, படத்தில் கேர்ணல் கில்லின் எண் திரும்பி வரவேணும். மாவின் விலை, கூலி, கடன், கிளினிக்குக்கு உள்ள தூரம், எந்தக் கரை எந்தத் திகதியில் ஆரின்ர உத்தரவில் வெட்டப்பட்டது, எந்த வடிகால் ஆரின்ர கடனில் கட்டப்பட்டது. இவை செய்மதியில் வராது. கேட்டுத்தான் எடுக்க வேணும், கேட்டு எடுக்கிறவருக்குக் கூலி கொடுக்க வேணும். எங்கட சேகரிப்புப் பணத்தின் பெரும்பங்கு அதுக்குப் போகட்டும், சேர்வருக்கு இல்லை.

மூன்றாவது, இடம்பெயர்ந்த சனத்தின் கூடாரங்களைத் துல்லியமாகக் குறிச்ச படம் ஒன்றும் பொதுவெளியில் போடக்கூடாது. ஏன் என்று இந்த மடலை வாசிக்கிற ஆருக்கும் விளக்கத் தேவையில்லை.

நாலாவது, படம் இங்கே பாவிக்கப்பட வேணும். நாங்கள் வாழ்கிற பிரிட்டனில் வெளிநாட்டு உதவி தேசிய வருமானத்தின் 0.7 வீதத்திலிருந்து 2021இல் 0.5 ஆனது, 2027இல் 0.3 ஆக்கப்போகினம். மிச்சம் ஆயுதத்துக்கு. பாகிஸ்தானின் கடன் இரத்து, நுளம்பு வலைக்கும் மாத்திரைக்கும் உள்ள நிதி, காலநிலை இழப்பீடு. கேட்க வேண்டிய இடம் எங்கட வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம். அங்கே அந்தப் படத்தைச் சாட்சியாகத் தூக்கிக்கொண்டு போவம்.

இவ்வளவும் சேர்ந்தால் நான் இரவிரவாக இருந்து ரேடார் படம் துப்புரவாக்கித் தர ஆயத்தம், அந்த வேலை எனக்கு உண்மையில் பிடிக்கும். சேராவிட்டால் என்ர வாக்கு எதிர் வாக்கு. எழுதின கையாலேயே.

கூட்டத்தில் கதைப்பம். பிழையென்று நினைச்சால் அதுக்கு முதலே பதில் எழுதுங்கோ, அடுத்த மடலில் போடுவம்.

தோழமையுடன்,
முன்மொழிவை எழுதின மூவரில் ஒருத்தி